வெங்காயக் காட்டிலிருந்து வந்த கிரியாட்டினின்

பெரம்பலூர், அரியலூர் பக்கம் புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் டாக்டர்களுக்காக உங்கள் அனுபவத்தில் ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். என் வேலைக்காலம் முழுக்க இந்த இரண்டு மாவட்டத்து அரசு மருத்துவமனைகளில்தான் கழிந்தது. தா.பழூரில் வயலில் இறங்கியவர்களுக்கு வந்த எலிக்காய்ச்சல், ரெட்டிபாளையத்தில் சிமென்ட் மூட்டை தூக்கியவர்களின் இடுப்பு வலி, ஜெயங்கொண்டத்தில் முந்திரிக்கொட்டைப் பால் பட்டு வெந்துபோன கைகள் என்று எல்லாம் பார்த்தாயிற்று. வீர தீரக் கதைகள் என்னிடம் அதிகம் கிடையாது. இருக்கிற கொஞ்சத்தையும் என் வீட்டுக்காரர் நம்புவதில்லை. அதனால் ஒரே ஒரு பெண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சிறுநீரகம் எப்படி இரத்தத்தை வடிகட்டுகிறது என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்கப் போவதில்லை. படித்துப் பாஸாகித்தானே வந்திருக்கிறீர்கள்! ஒன்றை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். அந்தச் சல்லடை தானாக வேலை செய்யாது. பின்னாலிருந்து இரத்தம் அழுத்தித் தள்ள வேண்டும். உள்ளே வரும் குழாயும் வெளியே போகும் குழாயும் எவ்வளவு திறந்திருக்கின்றன என்பதைப் பொறுத்து அந்த அழுத்தம் கூடும், குறையும். உடம்பில் ஓடும் இரத்தமே வற்றிப்போனால் சல்லடை எவ்வளவு நல்லதாக இருந்தும் பிரயோஜனம் இல்லை. இது எல்லோருக்கும் தெரியும். தேர்வு அறையில் தெரிகிற இந்த விஷயம் வார்டில் சொந்தக்காரர்கள் சூழ்ந்து நிற்கும்போது மறந்துபோகும் என்பதுதான் சிக்கல்.

அது ஒரு சித்திரை மாதம். பெரம்பலூர் பக்கம் கோடைப் பட்டத்து சின்ன வெங்காயம் அறுவடை நடந்துகொண்டிருந்தது. காலையில் நான் வார்டுக்குள் நுழைந்தபோதே துக்க வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. கட்டிலில் அஞ்சலை என்ற பெண், ஐம்பதை ஒட்டிய வயது, வாடிப்போய்ப் படுத்திருந்தாள். பக்கத்தில் அவள் மகள் ரம்யா, கல்லூரிக்குப் போகிற பெண், அழுதுகொண்டிருந்தாள். அஞ்சலையின் அண்ணன் கலியபெருமாள் யாருக்கோ போன் போட்டு கார் கேட்டுக்கொண்டிருந்தார். முதல் நாள் காட்டு வேலைக்குப் போய் வந்தவள், வாந்தி எடுத்து, தலை சுற்றி விழுந்திருக்கிறாள். அதற்குப் பிறகு சிறுநீரே போகவில்லை.

டியூட்டி டாக்டர் அந்த வருடம்தான் படிப்பு முடித்து வந்தவர். நல்ல பையன், ஒழுங்காக எல்லா பரிசோதனையும் அனுப்பியிருந்தார். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் எங்கேயோ போய் நின்றது. அதற்குக் கீழே, வடிகட்டும் வேகம் என்று மெஷினே கணக்குப் போட்டு ஒரு சின்ன எண்ணை அச்சடித்து, பக்கத்தில் ஐந்தாம் நிலை, அதாவது கடைசி நிலை, என்றும் போட்டிருந்தது. அதைத்தான் அவர் அப்படியே குடும்பத்திடம் படித்துச் சொல்லிவிட்டார். பொய் ஒன்றும் சொல்லவில்லை. திருச்சிக்கு அனுப்பி டயாலிசிஸ் செய்ய வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்.

கலியபெருமாள் என்னைப் பார்த்ததும் போனை மடக்கினார்.

"ரெண்டு கிட்னியும் போயிடுச்சாம்ல டாக்டரம்மா. திருச்சிக்குக் கொண்டுபோயி மிஷின்ல போடணுங்கறாங்க. எங்க ஊர்ல ஒருத்தரப் போட்டாங்க. வாரா வாரம் போயி வந்து, ஆளு கரும்புச் சக்கையா ஆயி, கடைசியில கண்ண மூடிட்டாரு. எந்தங்கச்சிய அப்படிப் பாக்க என்னால ஆவாது. வூட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன். எங்க கையெழுத்துப் போடணும் சொல்லுங்க."

ரம்யா எழுந்து வந்தாள். "எங்கிட்டேருந்து ஒன்னு எடுத்துக்கங்க மேடம். இன்னைக்கே எடுக்க முடியுமா?"

கட்டிலிலிருந்து அஞ்சலையின் குரல் வந்தது. வறண்ட குரல். "கல்யாணம் ஆவப்போற புள்ள டாக்டரம்மா. அதுகிட்டேருந்து எதையும் எடுத்துடாதீங்க. நான் வூட்டுக்கே போயிடறேன்."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று அப்போது சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஒரு அச்சடித்த எண்ணைப் பார்த்துவிட்டு ஒரு குடும்பமே அவளை வழியனுப்பத் தயாராகிவிட்டதே என்ற கோபம்தான். அவளைப் பரிசோதிக்க ஆரம்பித்தேன். நாக்கு காய்ந்து கிடந்தது. கைத்தோலைக் கிள்ளினால் கிள்ளியது அப்படியே நின்றது. நாடி வேகமாக ஓடியது, இரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. காலில் வீக்கம் இல்லை, நெஞ்சில் நீர் இல்லை. ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் சுருங்காமல் நல்ல அளவில் இருந்தன, அடைப்பும் இல்லை.

டியூட்டி டாக்டரைத் தனியே கூப்பிட்டேன். "தம்பி, அந்தக் கணக்கு கிரியாட்டினின் பல நாளா ஒரே இடத்துல நிக்கிறவங்களுக்குப் போட்டது. இவளுக்கு அது நேத்துலேருந்து ஏறிக்கிட்டே இருக்கு. நிலைன்னு சொல்லணும்னா மூணு மாசமாவது அப்படியே இருக்கணும். இப்போ வடிகட்டல் படுத்துடுச்சுங்கறது உண்மை. எழுந்திருக்குமா இல்லையான்னு அந்த எண்ணுக்குத் தெரியாது" என்றேன். அவர் முகம் சிறுத்துப்போனது. வருத்தப்பட நேரமில்லை, ஏன் படுத்தது என்று கண்டுபிடிக்கலாம் வாருங்கள் என்று கூட்டிக்கொண்டு திரும்பினேன்.

என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்று கேட்டதும் ரம்யா மஞ்சப்பையைக் கட்டிலில் கொட்டினாள். ஒன்று பிரஷர் மாத்திரை. ஊருக்கு வந்த நர்ஸ் ஒரு நாள்கூட விடக்கூடாது என்று சொன்னதால், வாந்திக்கு நடுவிலும் அன்று காலை போட்டிருக்கிறாள். இன்னொன்று வலி மாத்திரை. அறுவடை ஆரம்பித்ததிலிருந்து இடுப்பு வலிக்கு மருந்துக்கடையில் மடித்துக் கொடுத்ததைத் தினமும் விழுங்கியிருக்கிறாள்.

"வேலை பாக்கறப்ப தண்ணி குடிச்சியாம்மா?"

"குடிச்சேம்மா."

"அதுக்கெல்லாம் கொறையே இல்லீங்க" என்றார் கலியபெருமாள். "நம்ம காட்டுலதான வேலை. மோட்டாரு ஓடிட்டே இருக்கு. கொடத்துல வேற ரொப்பி வரப்புல வச்சிடுவேன்."

அவர் சொல்லும்போது அஞ்சலை முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்த உடம்பு தண்ணீரைக் கண்ட உடம்பாக எனக்குத் தெரியவில்லை. கலியபெருமாளை டீ குடித்துவிட்டு வரச் சொன்னேன். வேண்டாம் என்றார். போய்க் குடித்துவிட்டு வந்தால்தான் பேசுவேன் என்றேன். போனார்.

கேள்வியை மாற்றினேன். "காட்டுல வேலை பாக்கறப்ப ஒன்னுக்கு வந்தா எங்க போவீங்க?"

அஞ்சலை கதவுப் பக்கம் ஒரு முறை பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"எங்கயும் போறதில்லம்மா. சோளக்காடு, பருத்திக்காடுன்னா உள்ள பூந்து எந்திரிக்கலாம். வெங்காயம் என்ன ஒசரம் இருக்கும்? முழங்காலுக்குக்கூட வராது. புடுங்கிப் போட்டப்புறம் அதுவும் கெடையாது, வெறுங்காடு. நாங்க உக்காந்து தாள் அறுத்துட்டு இருப்போம். சுத்தி மூட்டை தைக்கிற ஆம்பளைங்க, வேன்காரனுங்க. காலையில வூட்டுல போறதுதான். அப்புறம் பொழுது சாஞ்சு வூட்டுக்கு வந்துதான். அதனால யாரும் தண்ணி குடிக்கிறதில்ல. வாயக் கொப்பளிச்சுத் துப்பிட்டு உக்காந்துடுவோம்."

"யாருமேவா?"

"பொம்பளைங்க யாருமே. அண்ணங்கிட்ட சொல்லிடாதீங்க டாக்டரம்மா. அதுகிட்டப் போயி இதையெல்லாம் பேச முடியுமா?"

ரம்யா அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்ல மாட்டேன் என்று நான் வாக்குக் கொடுத்தேன்.

இப்போது எல்லாம் விளங்கியது. சித்திரை வெயில் உடம்பிலிருந்த நீரை உறிஞ்சிவிட்டது, அவள் திரும்ப ஊற்றவில்லை. இரத்தம் குறைந்தால் சிறுநீரகம் சும்மா இருக்காது. உள்ளே வரும் குழாயை விரித்து, வெளியே போகும் குழாயை இறுக்கி, எப்படியாவது அழுத்தத்தைக் காப்பாற்றப் பார்க்கும். வலி மாத்திரை உள்குழாயை விரியவிடாமல் பிடித்துக்கொண்டது. அவள் போட்ட பிரஷர் மாத்திரை வெளிக்குழாயை இறுகவிடாமல் பிடித்துக்கொண்டது. தனித்தனியாக வந்திருந்தால் ஒவ்வொன்றையும் சமாளித்திருப்பாள். மூன்றும் ஒரே நேரத்தில் வந்து உட்கார்ந்துகொண்டன. அதில் ஒன்று, நர்ஸ் சொன்னபடி அவள் ஒழுங்காகக் கேட்டதால் வந்தது.

அதனால் நான் செய்ய நினைத்தது எளிமையானது. இரண்டு மாத்திரையையும் நிறுத்துவது, சலைன் ஏற்றுவது, காத்திருப்பது. ஆனால் காத்திருக்க ஆள் இங்கே இருக்க வேண்டுமே. கலியபெருமாள் டீ குடித்துவிட்டுக் கார் வந்துகொண்டிருக்கிறது என்ற செய்தியோடு திரும்பினார்.

"உங்க காட்டுல சொட்டுநீர் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"போட்டிருக்கேன்."

"ஒரு நாள் சொட்டு வரலன்னா குழாயெல்லாம் போச்சுன்னு புடுங்கிப் போட்டுடுவீங்களா?"

"அதெப்படி? கெணத்துல தண்ணி இருக்கா, மோட்டாரு அழுத்தம் குடுக்குதா, எங்கயாச்சும் வால்வு மூடியிருக்கான்னு பாப்போம்."

"அதைத்தான் நானும் பாக்கறேன். கெணறு வத்திப்போச்சு. ரெண்டு வால்வு தப்பா நிக்குது. குழாய் நல்லாத்தான் இருக்குன்னு நெனைக்கிறேன். சாயங்காலம் வரைக்கும் எனக்கு டைம் குடுங்க."

அவர் யோசித்தார். "தண்ணிதான் குடிச்சாளே, அப்புறம் எப்படி வத்துச்சு?"

"வெயிலு குடிச்சிடுச்சு" என்றேன். வாக்குக் கொடுத்திருந்தேனே.

"சாயங்காலமும் வரலன்னா?"

"ஆம்புலன்ஸ்ல நானும் ஏறி திருச்சிக்கு வரேன். மிஷின்ல போடறதும் சாவறதும் ஒன்னு கெடையாது. கிட்னி முழிச்சுக்கற வரைக்கும் கொஞ்ச நாளைக்கு அது வேலையச் செய்யும், அவ்வளவுதான். வூட்டுக்குக் கூட்டிட்டுப் போனீங்கன்னா மட்டுந்தான் செத்துப்போவா."

இவ்வளவு பச்சையாகச் சொல்லியிருக்க வேண்டாம் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு வேறு வழி தெரியவில்லை, இன்றும் அப்படித்தான் சொல்லுவேன். அவர் போய் பெஞ்சில் உட்கார்ந்தார்.

முதல் பாட்டிலை மாட்டுவதற்கு முன்னால் எந்தக் கட்டத்தில் தோற்றுவிட்டோம் என்று ஒப்புக்கொள்வது என்பதை டியூட்டி டாக்டரிடம் பேசி வைத்துக்கொண்டேன். பொட்டாசியம் இப்போதே கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது, அது மேலும் ஏறினால் இதயம் நின்றுவிடலாம், திருச்சிக்குக் கிளம்பிவிட வேண்டும். இ.சி.ஜி.யில் மாற்றம் தெரிந்தால் கிளம்ப வேண்டும். நெஞ்சில் நீர் கோத்தால் கிளம்ப வேண்டும். திருச்சியில் ஒரு படுக்கைக்கும் சொல்லி வைத்தோம். ஆம்புலன்ஸை வாசலில் நிறுத்தச் சொன்னேன். பிடிவாதம் பிடிக்கலாம், ஆனால் எதுவரைக்கும் என்று மனசு பதறாமல் இருக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். அப்புறம் யோசித்துக்கொள்ளலாம் என்று விட்டால் நம் ரோஷமே முடிவெடுக்கும்.

பாட்டில்கள் ஏறின. ஒவ்வொன்றுக்கும் நடுவில் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தோம். யூரின் டியூபில் கட்டங்காப்பி நிறத்தில் சில துளிகள் வந்து நின்றன. டியூபில் மாட்டிய பை காலியாகத் தொங்கியது. மதியத்துக்குள் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். நீர் பிரிகிற ஊசி ஒன்று போட்டால் என்ன என்று பக்கத்துக் கட்டில்காரர்கள் உட்பட எல்லோரும் கேட்டார்கள். வற்றிய உடம்பிலிருந்து அந்த ஊசி இருக்கிற நீரையும் பிடுங்கும். முடியாது என்று சொல்லிச் சொல்லி எனக்கே வாய் வலித்தது. மதியம் பார்த்ததில் பொட்டாசியம் ஏறவில்லை. இரத்த அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. ஆனால் பை மட்டும் அப்படியே இருந்தது.

எனக்குப் பயம் வந்துவிட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை. நெடுநேரம் இரத்தம் கிடைக்காமல் இருந்தால் சிறுநீரகத்தின் குழல்களே அடிபட்டுவிடும். அப்படி ஆகியிருந்தால் எவ்வளவு ஊற்றினாலும் இன்று வராது. மூன்று முறை அவள் கணுக்காலையும் பாதத்தையும் அழுத்திப் பார்த்தேன், வீக்கம் வருகிறதா என்று. அவள் அதைப் பார்த்து, "கால் அமுக்கி விடறீங்களா டாக்டரம்மா, நல்லாருக்கு" என்றாள். சாகக் கிடக்கிறவள் கிண்டல் பேசினால் எனக்கு உயிர் வரும்.

வெயில் தாழ்ந்த நேரத்தில், பிறகு வரச் சொல்லியிருந்த கார் வந்துவிட்டது. கலியபெருமாள் உள்ளே வந்து, "போதும் டாக்டரம்மா, நீங்களும் பாடாப் பட்டுட்டீங்க" என்று தங்கையின் செருப்பைக் கையில் எடுத்தார். நான் ஸ்டூலை இழுத்துக் கட்டிலுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்தேன். பேசியது ரம்யா.

"மாமா, இன்னும் சாயங்காலம் ஆவல. நீங்க ஒத்துக்கிட்ட பேச்சு அது. செருப்பக் கீழ வைங்க."

அவர் அப்படியே நின்றார். அந்த நேரத்தில், கட்டிலுக்குக் கீழே குந்தி உட்கார்ந்திருந்த டியூட்டி டாக்டரிடமிருந்து, "மேடம்" என்று ஒரு சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தேன். டியூபில் ஒரு கோடு ஓடிக்கொண்டிருந்தது. முதலில் அடர்த்தியாக, பிறகு வெளுத்து, பிறகு நிற்காமல். பையின் அடியில் சேர்ந்தது, ஏறியது. கலியபெருமாளும் செருப்போடு குந்தி உட்கார்ந்து அதையே பார்த்தார். வார்டில் நடக்க முடிந்தவர்கள் எல்லாம் வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒரு மூத்திரப் பையைப் பார்த்து இத்தனை பேர் சிரித்ததை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வாசலில் நின்ற ஆம்புலன்ஸ்காரரிடம் இனி நீங்கள் போகலாம் என்று சொல்லும் சாக்கில் வெளியே போய்த் துடைத்துக்கொண்டு வந்தேன்.

இதைப் படித்துவிட்டு கிரியாட்டினின் ஏறிய எல்லோருக்கும் சலைன் ஏற்றிவிடாதீர்கள். அதே மாதம் அரியலூரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். அவருக்கும் சிறுநீர் குறைந்திருந்தது, அவருக்கும் அச்சடித்த எண் சின்னதுதான். ஆனால் காலில் விரல் வைத்தால் குழி விழுந்தது, படுத்தால் மூச்சு முட்டியது. உடம்பில் நீர் ததும்பியது, தள்ள வேண்டிய இதயம்தான் சோர்ந்துபோயிருந்தது. அஞ்சலைக்கு நான் மறுத்த அதே நீர் பிரிகிற ஊசியைப் போட்டுத்தான் அவரை எழுப்பினோம். எண் ஒன்றாக இருந்தது, ஆள் வேறாக இருந்தார். கட்டில் பக்கத்தில் நின்று தொட்டுப் பார்க்காமல் இதை யாரும் பிரித்துச் சொல்ல முடியாது.

அஞ்சலையின் கிரியாட்டினின் அந்த வாரத்தில் படிப்படியாக இறங்கியது. வீட்டுக்கு அனுப்பும் நாளில் வழக்கமான பேச்சைப் பேசினேன். கடையில் மடித்துக் கொடுக்கும் வலி மாத்திரையைத் தொடக்கூடாது. பிரஷர் மாத்திரையை மாற்றித் தருகிறேன், வாந்தியோ பேதியோ வந்தால் அன்றைக்கு அதைப் போடலாமா என்று எங்களைக் கேட்க வேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும்.

"குடிப்பா, நான் பாத்துக்கறேன்" என்றார் கலியபெருமாள். உற்சாகமாக இருந்தார். "இனிமே அவ பக்கத்துலயே ஒரு கொடம் வச்சிடறேன். மணிக்கொருதரம் ஊத்திக் குடுக்கச் சொல்றேன்."

நான் அஞ்சலையைப் பார்த்தேன். வாக்குக் கொடுத்தவள் நான், என்னால் வாய் திறக்க முடியாது. அவள் தலையைக் குனிந்துகொண்டு துணிகளைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். வைத்து முடித்தாள். பிறகு நிமிர்ந்து, அண்ணனை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"கொடத்த வச்சு என்னண்ணே பண்றது? குடிச்சா நான் எங்க போறது? நீயே சொல்லு."

அவருக்கு முதலில் புரியவில்லை. எங்கே போவதென்றால் என்று ஏதோ கேட்க வாயெடுத்தார். பிறகு புரிந்தது. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"நம்ம காட்டுலயா?"

"நம்ம காட்டுலதான். நான் மட்டுமில்ல, வேலைக்கு வர்ற அத்தினி பொம்பளைங்களுந்தான்."

"அப்போ இது..." என்று என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையசைத்தேன். ஏழு குடம் வைத்தாலும் அந்தக் காட்டில் யாரும் குடிக்க மாட்டார்கள் என்று அந்த மனுஷனுக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். தங்கையின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். என்னிடம் போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

அடுத்த வெங்காயப் பட்டத்தின்போது அஞ்சலை பிரஷர் பார்க்க வந்தாள். வரிசை வராந்தா வரைக்கும் நீண்டிருந்தது. அண்ணன் அவளுக்குப் பின்னால், ஆண்கள் நாலு பேரோடு பேசிக்கொண்டு நின்றார். நான் ஜன்னல் வழியாகவே, "என்ன அஞ்சலை, காட்டுல தண்ணி குடிக்கிறியா?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் இத்தனை பேர் நிற்கிறார்களே என்று உறைத்தது.

அஞ்சலை கொஞ்சம்கூடக் கூசவில்லை. "அண்ணன் காட்டு ஓரத்துல நாலு கம்பு நட்டு, கீத்து மறைப்பு கட்டிக் குடுத்துடுச்சு டாக்டரம்மா. இப்ப பக்கத்துக் காட்டுப் பொம்பளைங்ககூட எங்க காட்டுக்குத்தான் வேலைக்கு வருவேங்குதுவ" என்றாள். பிறகு வராந்தா முழுக்கக் கேட்கும்படி, "நேத்து மட்டும் மூணு தடவ போனேன்!" என்றாள்.